மாண்டரின் மீனுக்கு ஒரு பின்தொங்கு ரெஃப்யூஜியம்: மார்த்தாண்டத்துப் பெட்டி பற்றிய மதிப்புரை

மார்த்தாண்டத்தில் பெயர்ப்பலகைகளும் அக்ரிலிக் பெட்டிகளும் செய்யும் ஒரு சிறு பட்டறையில், தொட்டியின் பின்கண்ணாடியில் மாட்டித் தொங்கவிடும் ரெஃப்யூஜியம் (மீன் எட்டாத இடத்தில் பாசியும் மீனுக்கு இரையாகும் சிற்றுயிர்களும் வளரும் துணைப்பெட்டி) ஒன்றைச் செய்து தருகிறார்கள். மார்த்தாண்டத்துக்கும் பாறசாலைக்கும் இடையில், தமிழும் மலையாளமும் ஒரே கடைவீதியில் புழங்கும் பகுதியில், கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் அதிகம் இல்லை. இருக்கும் சிலரிடையே இந்தப் பெட்டியைப் பற்றி அடிக்கடி விசாரிக்கிறார்கள் என்பதால், ஒரு கோடைக்காலமும் ஒரு மழைக்காலமும் இதைப் பயன்படுத்திப் பார்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டி நன்றாக இருக்கிறது, கொடுத்த பணத்துக்குத் தகும். அதனுடன் வரும் விளக்கை வாங்க வேண்டாம். மூன்று வாரத்தில் மாண்டரின் மீனை விடலாம் என்று விற்பவர் சொல்லும் கணக்கை நம்பவே கூடாது.

இந்தப் பெட்டியை வாங்குபவர்களில் பெரும்பாலோருக்கு மாண்டரின்தான் காரணம். நீலமும் ஆரஞ்சும் பச்சையும் அலை அலையாகப் படர்ந்த இந்தச் சிறிய மீனின் அறிவியல் பெயர் சிங்கிரோபஸ் ஸ்ப்ளெண்டிடஸ். 1927-இல் ஹெர்ரே என்பவர் இதை முதலில் விவரித்தார். ஜப்பானின் ரியூக்யூ தீவுகளிலிருந்து ஆஸ்திரேலியா வரை மேற்குப் பசிபிக்கில் வாழும் மீன் இது, நம் கரைகளில் கிடையாது. பெரும்பாலான மீன்களின் நீலம் ஒளி சிதறுவதால் உண்டாகும் தோற்றம். மாண்டரினின் நீலமோ உண்மையான நீல நிறமியைக் கொண்ட செல்களிலிருந்து வருவது, முதுகெலும்புள்ள விலங்குகளில் மிக அரிதாகக் காணப்படுவது. உடலில் செதில் கிடையாது, அதற்குப் பதிலாகத் தடித்த வழவழப்பான சளிப்படலம் உண்டு. அதனால்தான் மற்ற கடல்மீன்களை வாட்டும் வெண்புள்ளி நோய் இதை எளிதில் பற்றுவதில்லை. ஆனால் நோய்க்குத் தப்பும் இந்த மீன், நம் நாட்டுத் தொட்டிகளில் பட்டினியால்தான் பெரும்பாலும் சாகிறது.

காரணம் அது உண்ணும் முறை. இயற்கையில் மாண்டரின் பகல் முழுவதும் பாறை இடுக்குகளில் ஊர்ந்தபடி, கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் கோப்பிபாட் என்ற நுண் ஓட்டுடலிகளையும், அவற்றைவிடப் பெரிய ஓட்டுடலிகளான ஆம்பிபாட்களில் சிறியவற்றையும், புழுக்களையும், குட்டி நத்தைகளையும், மீன் முட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்கிறது. ஒரே வேளையில் வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓய்வெடுக்கும் மீன் அன்று. கடையில் வாங்கும் குருணை உணவு அதன் முன்னால் விழுந்தாலும், பெரும்பாலும் அதை உணவாகவே கருதுவதில்லை. பண்ணையில் பிறந்து வளர்ந்த மாண்டரின்கள் உறைந்த உணவுக்குப் பழகியிருக்க வாய்ப்பு அதிகம். இங்கே கொச்சியிலும் சென்னையிலும் விற்பனைக்கு வருபவற்றில் கடலில் பிடித்தவையே மிகுதி. பத்து நொடிக்கு ஒரு கொத்து என்று குறைத்துக் கணக்கிட்டாலும், பன்னிரண்டு மணி நேரப் பகலில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட கொத்துகள் ஆகின்றன. ஒவ்வொரு கொத்திலும் இரை அகப்படாது என்பது உண்மைதான். அகப்படும் பாதியை எண்ணினாலும், பதின்மூன்று லிட்டர் நீர் கொள்ளும் ஒரு பெட்டி நாள்தோறும் அவ்வளவையும் உண்டாக்கிக் கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே இந்தப் பெட்டியை எதற்காக வாங்குகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். மீனுக்குச் சாப்பாடு உண்டாவது முதன்மைத் தொட்டியின் பாறைகளுக்குள்தான். ரெஃப்யூஜியம் அந்த வயலுக்கு நாற்றங்கால். மீன் எட்டாத இடத்தில் கோப்பிபாட்கள் முட்டையிட்டுப் பெருகி, அவற்றின் குஞ்சுகள் நீரோட்டத்தோடு தொட்டிக்குள் இறங்கி, பாறைகளில் குடியேறி, அங்கே தின்னப்பட்டவற்றின் இடத்தை நிரப்ப வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு ரெஃப்யூஜியத்தின் தரத்தை அதன் கொள்ளளவையோ அறைகளின் எண்ணிக்கையையோ வைத்து எடைபோடுவது பொருந்தாது. உள்ளே பிறப்பவை உயிரோடு வெளியேறித் தொட்டியை அடைகின்றனவா என்பதுதான் முதல் கேள்வி. மார்த்தாண்டத்துப் பெட்டி அந்தக் கேள்விக்குச் சரியான விடை தருகிறது. நான் அதைப் பரிந்துரைப்பதற்கு அதுவே காரணம்.

பெட்டியின் அமைப்பு இது. நீளம் 60 செ.மீ., அகலம் 12 செ.மீ., உயரம் 25 செ.மீ. 5 மி.மீ. தடிமனுள்ள தெளிந்த அக்ரிலிக். நீர் 20 செ.மீ. உயரம் வரை நிற்கும். உட்தடுப்புகளைக் கழித்தால் சுமார் 13 லிட்டர். மேல்விளிம்பிலிருந்து வளைந்து வரும் இரண்டு கொக்கிகள் தொட்டியின் கண்ணாடியில் மாட்டிக்கொள்கின்றன. கீழ்ப்புறத்தில் இரண்டு நைலான் திருகுகள் கண்ணாடியில் முட்டுக்கொடுத்துப் பெட்டியைச் செங்குத்தாக நிறுத்துகின்றன. இணைப்புகளைக் குளோரோஃபார்ம் ஊற்றி ஒட்டியிருக்கிறார்கள். பெயர்ப்பலகை வேலையில் பழகிய கைகள் என்பதால் ஒட்டு முழுவதும் குமிழ் இல்லாமல் ஒரே சீராக ஓடுகிறது. வாங்கியவுடன் நன்னீர் நிரப்பி இரண்டு மூன்று முறை மாற்றி, கரைப்பானின் வாசனை அறவே போன பிறகுதான் கடல்நீரை விட வேண்டும். விளிம்புகளைத் தீயில் காட்டி மழமழப்பாக்கியிருப்பது நல்ல வேலைப்பாடு. பாசியை அரித்தெடுக்கும்போது கையைக் கிழிக்காது.

நீரும் பாறைத்துண்டுகளும் சேர்ந்தால் பெட்டியின் மொத்த எடை 17, 18 கிலோவை எட்டும். அவ்வளவும் ஒரே கண்ணாடியின் மேல்விளிம்பில் தொங்குகிறது. என் தொட்டி நான்கடி நீளம், பத்து மி.மீ. கண்ணாடி, நீர் ஏறக்குறைய 200 லிட்டர். அதற்கு இந்த எடை சுமையாக இல்லை. 6 மி.மீ. கண்ணாடியில் ஒட்டிய சிறு தொட்டிகளில் இதை மாட்டக் கூடாது. அதைவிட முக்கியமாக, நம் ஊர்களில் செய்யும் தொட்டிகளில் பெரும்பாலும் மேல்விளிம்பைச் சுற்றி உள்பக்கமாக ஒரு கண்ணாடிப் பட்டையை ஒட்டிவிடுகிறார்கள். பின்பக்கத்திலும் அந்தப் பட்டை இருந்தால் கொக்கி இறங்காது, நீர் திரும்பும் வாயும் தொட்டிக்குள் வராது. அளவெடுக்காமல் முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். பட்டையின் அகலத்தைச் சொன்னால் கொக்கியை நீட்டிச் செய்து தருகிறார்கள், அதற்குத் தனிக் கூலி வாங்குவதில்லை.

நீரோட்டத்தின் வழிதான் இந்தப் பெட்டியின் சிறப்பு. தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் சிறு பம்பு நீரைப் பெட்டிக்கு ஏற்றுகிறது. பெட்டியின் மறுகோடியில், சீப்பு போல் வெட்டிய தடுப்பின் மேல் நீர் வழிந்து, அகலமான வாய் வழியாகத் தானே தொட்டிக்குள் விழுகிறது. அதாவது வெளியேறும் நீர் எந்த பம்பின் விசிறியையும் கடப்பதில்லை. தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் சம்ப் எனப்படும் கீழ்த்தொட்டி வைத்து அதில் ரெஃப்யூஜியம் அமைத்தால், உள்ளே வளரும் உயிர்கள் அத்தனையும் பெரிய பம்பு வழியாகத்தான் மேலே ஏறியாக வேண்டும். அவற்றில் பெரும்பகுதி பிழைத்துவிடும் என்றாலும், முட்டைப்பை சுமக்கும் பெண் கோப்பிபாட்களையும் சற்றுப் பெரிய ஆம்பிபாட்களையும் அந்த வழியே அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. வடிகட்டும் துணிப்பையோ பஞ்சோ வழியில் இருந்தால் கணிசமானவை அதில் சிக்கி அழிந்துபோகும். பின்தொங்கு பெட்டியில் இந்தத் தடைகள் எதுவுமில்லை. இரவில் டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்து அந்த வாயைக் கவனித்தால், வழியும் நீர்த்தகட்டில் வெண்புள்ளிகள் உருண்டு இறங்குவதைக் கண்ணாலேயே காணலாம்.

சீப்பின் பற்களுக்கிடையிலான இடைவெளி முதலில் 2 மி.மீ. இருந்தது. பாசி இழை ஒன்று குறுக்கே படிந்தாலே நீர்மட்டம் உயரும் என்பதால், 4 மி.மீ. ஆக்கித் தரும்படி கேட்டேன், செய்து தந்தார்கள். இனி வாங்குபவர்கள் தொடக்கத்திலேயே இதைக் கேட்டு வாங்குவது நல்லது. இன்னொன்றையும் கேட்க வேண்டும். பம்பிலிருந்து வரும் குழாயின் முனை பெட்டியின் நீருக்குள் மூழ்கியிருந்தால், மின்சாரம் போகும்போது பெட்டியின் நீர் அதே குழாய் வழியாகச் சைஃபன் ஆகித் தொட்டிக்குத் திரும்பிவிடும். தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தால் தரையில் வழியும், பெட்டிக்குள்ளே பாசி உலரத் தொடங்கும். இதைச் சொன்னவுடன் பட்டறையில் இருந்த இளைஞர், "அண்ணே, இதுக்கு மேல ஒரு சின்னத் துளை போட்டா காத்து ஏறிரும், தண்ணி நின்னுரும்" என்று சொல்லி, குழாயின் வளைவில் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு நுண்துளையை அங்கேயே போட்டுக் கொடுத்தார். மின்வெட்டு நம் பக்கத்தில் புதிதன்று, காற்றும் மழையும் சேர்ந்த இரவுகளில் தென்னைமட்டை விழுந்து கம்பி அறுவதும் வழக்கம். இந்தத் துளை இல்லாத பெட்டியை யாரும் பொருத்தக் கூடாது. துளையில் உப்பு படிந்து அடைபடுவதுண்டு. கண்ணாடி துடைக்கும் நாளில் ஒரு குண்டூசியால் குத்திவிட்டால் போதும்.

கூடவே வரும் பம்பு மணிக்கு 400 லிட்டர் தள்ளும் என்று அதன் மேல் அச்சிட்டிருக்கிறது. 13 லிட்டர் பெட்டிக்கு அது மிக அதிகம். மணிக்குப் பெட்டியின் கொள்ளளவைப் போல் ஐந்து முதல் பத்து மடங்கு, அதாவது 65 முதல் 130 லிட்டர் வரை நீர் சென்றால், கீட்டோ (கீட்டோமார்ஃபா என்ற பாசி) உருண்டை மெல்லப் புரண்டுகொண்டிருக்கும், அடியில் கசடு தேங்காது, உயிர்களும் அடித்துச் செல்லப்படாமல் தங்கிப் பெருகும். பம்பின் முகப்பில் உள்ள திருகைக் குறைத்தபடியே வைத்தால் பம்பு சூடேறுகிறது, அந்தச் சூடு நீருக்கும் போகிறது. சிறிய பம்பு ஒன்றைத் தனியே வாங்குவதே மேல். பம்பின் நுழைவாயில் பஞ்சு மாட்டி விற்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் வலைமூடியை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

விளக்கைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஊதா நிறத்தில் எரியும் 6 வாட் எல்.இ.டி. பட்டை ஒன்றைச் சேர்த்து விற்கிறார்கள். அதன் கீழ் பாசி செத்துவிடவில்லை, ஆனால் வளரவும் இல்லை. மின்சாதனக் கடையில் கிடைக்கும் 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. 12 வாட் விளக்கு அதைவிட மலிவு. ஒரு பிடி கீட்டோவை அது மாதத்துக்குள் பெட்டி நிறைய ஆக்கிவிடும். உப்புநீர் தெறிக்கும் இடம் என்பதால் விளக்கை அக்ரிலிக் மூடிக்கு மேலே நிறுத்த வேண்டும். மின்கம்பி பிளக்குக்குப் போகும் முன் ஒரு தொங்கல் விட்டு, கம்பி வழியே இறங்கும் துளி தரையில் சொட்டும்படி அமைக்க வேண்டும். தொட்டியின் மின்னிணைப்பு முழுவதும், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வழியாக வருவது கட்டாயம். முதன்மைத் தொட்டியின் விளக்கு அணையும் நேரத்தில் இந்த விளக்கு எரியட்டும். இரவில் தொட்டிக்குள் ஒளிச்சேர்க்கை நின்று கரியமில வாயு கூடி நீரின் பி.எச். இறங்கும்போது, பெட்டியில் உள்ள பாசி அந்த வாயுவை எடுத்துக்கொண்டு இறக்கத்தைக் குறைக்கும்.

பெட்டிக்குள் எதைப் போடுவது என்பதில் நம் பகுதிக்கென்றே சில எச்சரிக்கைகள் உண்டு. குளச்சல், மணவாளக்குறிச்சிக் கரைகளில் கண்ணைப் பறிக்கும் கருமணல் கிடக்கிறது. அது இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்த கனிம மணல், அதற்காகவே அங்கே மணல் ஆலை இயங்குகிறது. அந்த மணல் தொட்டிக்கு ஆகாது. கால்சியம் கார்பனேட்டால் ஆன அரகோனைட் மணலை இரண்டு மூன்று செ.மீ. மட்டும் பரப்பினால் போதும், மணலே இல்லாமலும் பெட்டி இயங்கும். பாறை என்று வரும்போது, வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டுவதுபோல் பவளப்பாறைத் துண்டுகளைத் தேடிப் போகக் கூடாது. கடினப் பவளங்கள் 2001 முதல் 1972-ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உயிருள்ளதோ இறந்ததோ, கரையில் ஒதுங்கிக் கிடந்ததோ, எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று சொல்லி யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அந்தப் பாறைகள் இருக்க வேண்டிய இடம் கடல்தான், ஒரு மீனை வளர்க்கும் ஆசைக்காக அதைக் குலைக்க நமக்கு உரிமையில்லை. துளைகள் நிறைந்த செராமிக் வளையங்களையும் உடைத்த செராமிக் பாறைகளையும் நெருக்கமாக அடுக்காமல், விரல் நுழையாத, ஆனால் நீர் நுழையும் இடுக்குகள் உண்டாகும்படி குவித்துவைத்தால், ஊர்ந்து வாழும் டிஸ்பே இனக் கோப்பிபாட்கள் அவற்றுக்குள் பெருகுகின்றன.

பாசியில் கீட்டோமார்ஃபாவையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். மீன்பிடி நைலான் நூல் சிக்கியதுபோல் உருண்டையாகக் கிடக்கும் இது, எதிலும் வேரூன்றாது, எடுப்பது எளிது. காலெர்ப்பா பார்வைக்கு அழகு, வளர்ச்சியும் வேகம். ஆனால் திடீரென்று இனப்பெருக்கச் செல்களை வெளியிட்டு ஒரே இரவில் வெளிறிக் கரைந்து, உறிஞ்சி வைத்த சத்துகள் அத்தனையையும் நீரில் விட்டுவிடும் இயல்பு அதற்கு உண்டு. 13 லிட்டர் பெட்டியிலிருந்து 200 லிட்டர் தொட்டிக்கு அந்த வெள்ளம் வந்தால் மீன்கள் மூச்சுத் திணறும். கீட்டோ பெட்டியை நிறைத்ததும் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட வேண்டும். எடுத்ததை அப்படியே எறியாமல், தொட்டி நீர் நிரப்பிய வாளியில் நன்றாக அலசி, அந்த நீரைத் தொட்டியில் ஊற்றுங்கள். வாளியின் அடியில் நெளியும் உயிர்களைப் பார்த்தால் இந்தச் சிறு உழைப்பின் பயன் விளங்கும். மாண்டரின் அந்த நீர் விழும் இடத்துக்கு வந்து நிற்கப் பழகிவிடும்.

கீட்டோவைமட்டும் போட்டு நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். அப்போது பெட்டியில் ஆம்பிபாட்கள் ஆட்சி செய்யத் தொடங்கும். வளர்ந்த ஆம்பிபாட் மாண்டரினின் சிறு வாய்க்குப் பெரிது. அது போதாதென்று கோப்பிபாட்களின் உணவையும் அது பறித்துக்கொள்ளும். செராமிக் குவியலும் கீட்டோவும் பெட்டியை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டால் இரண்டு வகை உயிர்களும் தங்கும்.

தொடக்க விதைக்கு, கொச்சியில் கடல்மீன் வளர்ப்பவர் ஒருவரிடமிருந்து கூரியரில் டிஸ்பே வரவழைத்தேன். கடல்நீரை வலையால் அரித்துக் கிடைக்கும் மிதவை உயிர்களைப் பெட்டியில் விடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதில் கோப்பிபாட் இருக்கும்தான். கூடவே கொட்டும் ஹைட்ராய்டுகளும், நண்டின் இளம் உயிரிகளும், மீன்களில் ஒட்டுண்ணியாகும் ஐசோபாட்களும் வரும். ஹைட்ராய்டு ஒருமுறை குடியேறிவிட்டால் கோப்பிபாட்களை அது தின்றுகொண்டே இருக்கும், அகற்றுவதும் கடினம். அந்த வழி வேண்டாம்.

இந்த உயிர்களின் வளர்ச்சி எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் விற்பவரின் மூன்று வாரக் கணக்கு ஏன் தவறு என்பது புரியும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு நாப்ளியஸ் எனப்படும் ஆறு இளநிலைகளையும் அதன்பின் கோப்பிபோடைட் எனப்படும் ஐந்து வளர்நிலைகளையும் கடந்துதான் முதிர்கிறது. வெதுவெதுப்பான நீரில் டிஸ்பேவுக்கு இதற்குப் பத்து நாள் அளவில் ஆகும். மூன்று வாரத்தில் இரண்டு தலைமுறைதான் வந்திருக்கும். பெட்டியின் சுவரில் நிறையப் புள்ளிகள் தெரியும், பாறைகளுக்குள்ளோ இன்னும் ஒன்றுமிருக்காது. அந்த நேரத்தில் மாண்டரினை விட்டால், அது தொட்டியில் உள்ள கொஞ்சத்தையும் தின்று தீர்த்துவிட்டு, பெட்டி சொட்டுச் சொட்டாகக் கொடுப்பதை மட்டும் நம்பி மெலியத் தொடங்கும். பெட்டியைப் பொருத்தி மூன்று, நான்கு மாதமாவது மாண்டரின் இன்றி விட வேண்டும். இரவில் விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்தால், முதன்மைத் தொட்டியின் முன்கண்ணாடியிலும், பெட்டியிலிருந்து மிகத் தொலைவில் உள்ள பாறையின் நிழல்பக்கத்திலும் புள்ளிகள் ஊர்வது தெரிய வேண்டும். அது தெரியும் வரை கடையில் எவ்வளவு அழகான மாண்டரின் இருந்தாலும் வாங்காமல் திரும்புங்கள்.

அந்தக் காத்திருப்புக் காலத்தில் பெட்டிக்குப் பச்சை நீர் ஊற்ற வேண்டும். நான்னோகுளோராப்சிஸ், ஐசோகிரைசிஸ் போன்ற நுண்பாசிகளை இரண்டு லிட்டர் குளிர்பானப் புட்டிகளில் காற்று விட்டு வளர்க்கலாம். நம் நாட்டுக் குஞ்சுப் பொரிப்பகங்கள் பயன்படுத்தும் கான்வே ஊட்டக்கரைசல் இதற்குப் போதும். ஊற்றும்போது பம்பையும், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் பச்சை பெட்டிக்குள்ளேயே தங்கும். மறுநாளைக்குள் நீர் தெளிந்துவிடும் அளவே சரியான அளவு. நுண்பாசியும் கோப்பிபாடும் வளர்ப்பதை ஒரு துறையாகவே அறிய விரும்புபவர்களுக்கு விழிஞ்ஞம் பக்கத்தில்தான் இருக்கிறது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விழிஞ்ஞம் மையம் கடல் அலங்கார மீன்களின் இனப்பெருக்கத்திலும் கோப்பிபாட் வளர்ப்பிலும் பல ஆண்டுகளாக உழைத்துவருகிறது. அங்குள்ள 'சாகரிகா' காட்சியகத்தைக் குழந்தைகளோடு போய்ப் பார்த்து வரலாம்.

வெப்பம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கோயம்புத்தூர்க்காரர்கள் தொட்டியின் மேல் சிறு விசிறி வைத்து இரண்டு மூன்று டிகிரி குறைத்துவிடுகிறார்கள். காற்றில் ஈரம் மிகுந்த நம் கரையோரத்தில், அதுவும் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழைக்கு முந்திய புழுக்கத்தில், நீர் ஆவியாவது குறைவு என்பதால் விசிறிக்கு அவ்வளவு பலன் கிடையாது. பெட்டி தனியாகத் தொங்குவதால் அறையின் சூட்டை அது விரைவில் வாங்குகிறது, அதன் மேல் விளக்கின் சூடும் சேர்கிறது. விளக்கை இரவில் எரிப்பதற்கு இது இன்னொரு காரணம். 26, 27 டிகிரியில் தொட்டியை வைத்திருக்க, நீரைக் குளிர்விக்கும் சில்லர் உள்ளவர்களுக்குக் கவலையில்லை. இல்லாதவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் இந்த முயற்சியைத் தொடங்காமல் இருப்பது நல்லது. ஆவியாகும் நீருக்கு ஈடாக ஆர்.ஓ. நீரை மட்டுமே ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாவதில்லை. பெட்டியின் வாயோரம் வெண்மையாகப் படியும் உப்பை வாரம் ஒருமுறை துடைத்துவிடலாம்.

கடல்நீரை நேரடியாக எடுத்துப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு சொல். தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணியும் பூவாறில் நெய்யாறும் கடலில் கலக்கின்றன. மழைக்காலத்தில் அந்த முகத்துவாரங்களை ஒட்டி எடுத்த நீரின் உப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் தென்மேற்குக் கரையில் ஆழத்து நீர் மேலே எழுந்து வருவதால், அப்போது கடல்நீரில் சத்துகளும் மிதவை உயிர்களும் மிகுந்திருக்கும். அளந்து பார்த்து, ஒப்படர்த்தி 1.025 இருந்தால் மட்டும், நன்றாக வடிகட்டி, சில நாள் இருட்டில் வைத்த பிறகு பயன்படுத்துங்கள்.

இவ்வளவுக்குப் பிறகு மீன் எப்படி இருக்கிறது என்பதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். நன்றாக இருக்கிறது. மாண்டரினின் நலத்தை அதன் நிறத்தில் பார்க்கக் கூடாது, பட்டினி கிடக்கும் மீனும் கடைசி வரை பளபளப்பாகவே இருக்கும். மார்புத் துடுப்புக்குப் பின்னால் வயிறு உள்வாங்கியிருக்கிறதா, முதுகின் இரு பக்கமும் சதை வற்றிப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று மேலிருந்து பார்க்க வேண்டும். என் மீனின் வயிறு உருண்டிருக்கிறது, முதுகு அகன்றிருக்கிறது. பாதுகாப்புக்காக, பொரித்த அன்றே ஆர்டீமியா (உப்புநீர் இறால்) குஞ்சுகளை வாரம் சில முறை ஒரு சிறு குழாய் வழியாக அதன் முன்னால் விடுகிறேன். பொரித்த சில மணி நேரத்தில் கொடுத்தால்தான் அதில் ஊட்டம் இருக்கும். பெட்டி ஒன்றே போதும் என்று 200 லிட்டர் தொட்டிக்காரர் யாருக்கும் நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆறுகோட்டு ராஸ் போன்று நாளெல்லாம் கோப்பிபாட் பொறுக்கும் வேறு மீன் தொட்டியில் இருந்தால், இதைப் போல இரண்டு பெட்டி மாட்டினாலும் போதாது.

பெட்டிக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன், விளக்கும் பம்பும் சேர்த்தால் ஐயாயிரத்தை ஒட்டி வரும். விளக்கும் பம்பும் இல்லாமல் பெட்டியை மட்டும் கேளுங்கள், கொடுக்கிறார்கள். ஏற்கெனவே பெரிய சம்ப் வைத்து அதில் ஒரு அறையைப் பாசிக்கு ஒதுக்கியிருப்பவர்களுக்கு இது தேவையில்லை. அவர்கள் அந்தப் பணத்தில் வடிகட்டும் துணிப்பையை அகற்றி வேறு வழி அமைத்துக்கொள்ளலாம். நூறு லிட்டருக்குக் குறைந்த தொட்டி வைத்திருப்பவர்கள் மாண்டரினையே நினைக்க வேண்டாம், இந்தப் பெட்டியைக் கிளவுன் மீன் குஞ்சுகளுக்கு இரை வளர்க்கப் பயன்படுத்தலாம். சம்ப் இல்லாத, நான்கடிக்குக் குறையாத தொட்டியும் மாதக்கணக்கில் காத்திருக்கும் பொறுமையும் உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆர்டர் கொடுக்கும்போது சீப்பின் இடைவெளி 4 மி.மீ., குழாய் வளைவில் காற்றுத் துளை, கண்ணாடிப் பட்டையின் அகலத்துக்கேற்ற கொக்கி ஆகிய மூன்றையும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை கொடுத்தால் அடுத்த வாரம் பெட்டி தயாராகிவிடுகிறது.